சைக்கிள் டியூபால் போட்ட கட்டு

அரசாங்க உத்தரவுப்படி பெட்ரோலில் எத்தனால் என்கிற ஸ்பிரிட் கலந்து விற்கத் தொடங்கியிருந்த புதிது அது. ஓசூரில், பாகலூர் சாலையில் இருந்த ஒரு பங்க்கில் பெட்ரோல் போடும் வேலை எனக்கு. "இந்தப் பெட்ரோலுக்குப் பழைய ரப்பரெல்லாம் சீக்கிரம் ஊறிடும். எங்கயாச்சும் சொட்டுனா பம்ப நிறுத்திட்டு எங்கிட்ட சொல்லணும்" என்று சூப்பர்வைசர் எங்களை நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்.

என் பம்பில்தான் முதலில் சொட்டியது. ரப்பர் ஹோஸும், வண்டிக்குள் விடுகிற நாசிலும் சேரும் இடத்தில். ஆனால் நான் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். போன வாரம்தான் பங்க்கின் நிலத்தடி டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று தவறாகச் சொல்லி, கூட வேலை செய்பவர்களிடம் "அக்காவுக்குக் கனவுலயும் தண்ணிதான்" என்று கேலி வாங்கியிருந்தேன். அதனால் வீட்டில் தண்ணீர்க் குழாய்க்குச் செய்வதுபோல, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். சொட்டு நின்றது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள், கம்பெனி ஷிப்டு விடுகிற நேரம். கன்னடத்தில் பேசியபடி ஒருவர் வண்டியை நிறுத்தினார். பின்னால் மனைவி, மடியில் குழந்தை. குழந்தையின் வெறும் கால்கள் சைலன்சர் பக்கம் தொங்கின. பாதி போடும்போதே என் கையில் ஜில்லென்று பட்டது. பார்த்தால் டியூப் ஊறிய அப்பளமாகத் தொய்ந்திருந்தது. அடுத்த நொடி இணைப்பு பிய்ந்து, பெட்ரோல் சைலன்சர் மேல் பீய்ச்சியடித்தது.

பயந்துபோன அவர் வண்டியைக் கிளப்பிவிட கிக்கரில் காலை வைத்தார். ஒரு பொறி போதும். எப்படித்தான் வந்ததோ, வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த கன்னட வார்த்தையில், "பேடா! கிக் பேடா! பேடா சார்!" என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

கால் அப்படியே நின்றது. பக்கத்துப் பம்பில் இருந்தவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மனைவி குழந்தையோடு சாலைக்கு ஓடினார். வண்டியைத் தள்ளிவிட்டு மணலைக் கொட்டினோம்.

எதுவும் பற்றவில்லை. முகம் வெளுத்து நின்ற வண்டிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நிம்ம கன்னடா சுமார்தான் அக்கா. ஆனா சவுண்டு சூப்பர்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சூப்பர்வைசர் தொங்கிய டியூபைக் கையில் பிடித்து, "யாரு கட்டுனது இத?" என்றார்.

"நாந்தாங்க சார்."

"சொட்டுறத மறைச்சிட்டியேம்மா" என்றார்.

இன்றும் எங்காவது ஒரு சொட்டைப் பார்த்தால், எனக்கு அந்தக் குழந்தையின் கால்கள்தான் கண்ணில் தெரிகின்றன. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று முதலில் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.