தனசேகரன் வளைத்துப் பார்த்த நாடா

ஊரப்பாக்கத்தில் அலுவலகப் பேருந்துக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது: தனசேகரன் போய்விட்டார். "சும்மா சொல்லாதீங்க!" என்று கைபேசியில் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

உலோகக் கண்ணாடி ஆய்வில் பல ஆண்டுகள் அவரும் நானும் ஒரே மேசை. அவர் திருவிடந்தை மீனவக் குடும்பத்துப் பிள்ளை. பேச்சைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. உருகிய உலோகத்தைச் சுழலும் செம்புச் சக்கரத்தில் பீய்ச்சினால் சட்டென்று குளிர்ந்து நாடாவாக ஓடிவரும். அணுக்கள் வரிசைகட்ட நேரமே இருக்காது; அதுதான் உலோகக் கண்ணாடி. பார்வையாளர்கள் விளக்கம் கேட்டால், "பந்தியில குந்தறதுக்குள்ள இலைய எடுத்துட்டோம் சார், அவ்ளோதான்" என்பார்.

எங்கள் கட்டுரை ஒன்றின் கதை, கூட வேலை பார்த்த உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். எங்கள் கலவையைக் குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை சற்றே ஏறும் என்றுதான் எதிர்பார்த்தோம். இறங்கியது! புதிதாக எதையோ கண்டுவிட்டோம் என்று தலைகால் புரியவில்லை. கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. அவருடைய பதவி உயர்வே அதை நம்பித்தான் இருந்தது.

அனுப்ப வேண்டிய அன்று காலை, அளந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்தார். நல்ல கண்ணாடி நாடா வளையும், முறியாது. இது அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இன்னா மேடம், இது கண்ணாடியே இல்ல. கம்பி ஒட்ட வசதியா கீதுன்னு தடிச்ச துண்டாப் பொறுக்கிக்கினோம். அது மெதுவா ஆறி, அணுவெல்லாம் வரிசையா குந்திக்கினு கீது. சாதா உலோகமாயிடுச்சு, அதான் தடை எறங்குது."

கண்ணாடிதானா என்று பார்க்கும் எக்ஸ்ரே சோதனையை நாங்கள் செய்ததோ மெல்லிய துண்டில். "உங்க புரமோஷன் என்னாகும், யோசிச்சீங்களா?" என்று கத்தினேன்.

"அதுக்காகப் பொய்ய அனுப்பறதா? பேஜாரு மேடம். திரும்ப அளப்போம்."

மெல்லிய துண்டுகளில் அளந்தோம். தடை ஏறியது, எல்லோருக்கும் ஏறுவது போலவே. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எனக்குத்தான் ஆறவில்லை. அவரோ கட்டுரை போன மறுநாளே சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு பாடினார். என்ன மனுஷனய்யா இவர் என்று வியந்தேன்; அந்த வியப்பைப் பலரிடமும் சொல்லியிருக்கிறேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர் போச்சுன்னு வந்த அன்னிக்கு ஒரு வாய் சாப்புடல மேடம். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினு அழுதாரு. மேடத்தாண்ட சொல்லிடாதன்னாரு."

இத்தனை காலம் பாடிய தனசேகரனைத்தான் மனதில் வைத்திருந்தேன். இனி, அழுதுவிட்டுப் பாட வந்தவரை வைத்துக்கொள்கிறேன்.