முழங்கை அளவு

பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க எல்லோரும் எக்குவார்கள். கண்டக்டரம்மா கையை மடக்குவாள். அவ்வளவு உயரம்! யாராவது 'நெட்டை' என்றால், "கீழே காத்து வருதா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். வாரமெல்லாம் கத்தியது போதாதென்று, லீவு நாளில் சாந்துச் சட்டி தூக்கப் போய்விடுவாள். சொந்தமாகக் கட்ட வழியில்லாத குடும்பங்களுக்குக் கூலி வாங்காமல் வீடு கட்டிக்கொடுக்கும் பெண்கள் கூட்டம் அது. "இருக்கிற ஒரு லீவையும் சிமெண்ட்ல கரைக்கிறியே" என்று புருஷன் புலம்புவார்.

"நான் கிழிக்கிற டிக்கெட் சாயங்காலமே குப்பைக்குப் போயிடுது. சுவர் அப்படியே நிக்குதுங்க" என்பாள்.

ஆனால் அவள் கையில் கொத்துக்கரண்டியை யாரும் கொடுத்ததில்லை. எத்தனையோ வீடுகளுக்குச் சட்டி தூக்கியாயிற்று. கடைசியில் மேஸ்திரியக்கா மனசு இறங்கினாள்.

"இந்த வீட்டுச் சமையல் மேடை உன் பொறுப்பு. நல்லா வந்தா அடுத்த வீட்டுல சுவரே உனக்குத்தான். சொதப்பினே, திரும்ப சட்டிதான்."

மேடைக்கு அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்காரியை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு சாண் கீழே கல்லைப் பதிப்பார்கள். அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. மேஸ்திரியக்கா மொட்டை மாடியில் இருந்தாள். கண்டக்டரம்மாவுக்கோ கரண்டி கிடைத்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் முழங்கையையே மடக்கிப் பார்த்தாள், அளந்தாள், கல்லைப் பதித்தாள். கண்ணாடி மாதிரி வந்தது.

சாவி கொடுக்கும் நாளன்று வீட்டுக்காரி ஆசையாகச் சமையலறைக்குள் போனாள். மேடை அவள் மார்புக்கு நின்றது.

கண்டக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அட கடவுளே, இந்த அம்மா குள்ளம்! வாராவாரம் பார்த்த ஆள்தானே, புத்தி எங்கே போச்சு? கல்லைப் பெயர்த்தால் உடைந்துவிடும். கரண்டியும் போச்சு, மானமும் போச்சு.

மேஸ்திரியக்கா முறைத்த முறைப்பில், "நானே இடிச்சு மறுபடி கட்டித் தர்றேம்மா, மன்னிச்சிடுங்க" என்றாள் கண்டக்டரம்மா. பஸ்ஸையே அதட்டும் குரல் கீச்சென்று வந்தது.

"ஐயோ, இடிச்சுடாதீங்க!" என்று வாசலிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். வீட்டுக்காரியின் கணவர். பெயிண்டர், ஆள் பனைமரம் போல இருந்தார். மேடைமுன் நின்று முழங்கையை மடக்கினார். சரியாக ஒரு சாண்!

"எங்க வீட்டுல சமையல் நான்தாங்க. இவ விடியறதுக்குள்ள ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிடுவா. வாடகை வீட்டு மேடையில குனிஞ்சு குனிஞ்சே என் முதுகு போச்சு."

"எனக்கு ஒரு முக்காலி போதும். உட்கார்ந்து சாப்பிடத்தானே!" என்று சிரித்தாள் வீட்டுக்காரி.

எல்லோரும் சிரித்து அடங்கியபிறகும் மேஸ்திரியக்கா மட்டும் கல்லைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இத்தனை வீடு கட்டிட்டேன். யார் சமைப்பீங்கன்னு ஒரு வீட்டுலயும் நான் கேட்டதே இல்லடி" என்றாள். இடுப்பிலிருந்த தன் சொந்தக் கரண்டியை எடுத்துக் கண்டக்டரம்மாவிடம் கொடுத்தாள்.

அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று, அந்தக் குடும்பம் மொத்தமும் வரிசையாக நின்றது. கண்டக்டரம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்து, பஸ்ஸில் கூவுகிற அதே குரலில் கூவினாள்:

"சமையல் யாரு, சமையல் யாரு? சமைக்கிறவங்க முன்னாடி வாங்க!"