கசாப்பு வீட்டைப் பற்றித் தேவகி சொன்னது

தேவகி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நவாஸ். கிரெய்கிபர்னில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். "மிஸ், தேவகி மிஸ் மௌத்தாகிட்டாவாம். ஹார்ட் அட்டாக். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?" என்று போனில் கேட்டார். யாரும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது மெல்பர்னில் எங்களை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். காரணம் பலருக்குத் தெரியாது.

தேவகி மலேசியாவின் ஈப்போக்காரி, நான் மதுரைக்காரி. பழைய கட்டடங்களை ஆராயும் அலுவலகம் ஒன்றில் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். "கட்டினவன் பேரு கல்லுல இருக்கும். தெனம் கழுவினவ பேரு எங்க லா இருக்கு?" என்பாள். அப்படிக் கேட்க எனக்கு வராது.

அப்போது நவாஸ் நகருக்குச் சற்று வடக்கே, யாரோ ஒரு கசாப்புக்காரர் தன் தொழிலுக்கென்றே கட்டிய நூறாண்டு தாண்டிய வீட்டில் வாடகைக்கு இருந்தார். கீழே கடை, மாடியில் குடும்பம். முகப்பின் உச்சியில் சுதையாலான எருதுத் தலை. பின்னால் கருங்கல் சந்து, இறைச்சிக்குப் புகை போடும் அறை. சந்திலிருந்து கடை வரைக்கும் கூரையை ஒட்டி ஓர் இரும்புத் தண்டவாளம். முழு மாட்டையும் கொக்கியில் மாட்டித் தள்ளிவிடலாம். 2011இல், வீட்டை வாங்கிய நிறுவனம் அதை இடிக்க அனுமதி கேட்டது. நவாஸ் எங்களிடம் வந்தார். விடுமுறை நாட்களில் போய் அளந்தோம். அவர் மனைவி சமையலறையிலேயே எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டார்.

அப்படி ஒருநாள் சாப்பிடும்போது தேவகியிடம் சொன்னேன்: "முகப்பும் எருதுத் தலையும் பின்னாடி சேர்த்தது. ஆனா புகை அறை, தண்டவாளம், சந்து எல்லாம் அசல். இந்த ஊர்ல வேற எங்கயும் நான் இப்படிப் பார்த்ததில்ல."

"ரெண்டையும் சொல்லிடு. மறைச்சா நம்பமாட்டாங்க" என்றாள்.

சில வாரங்களில் அவள் வேறு நிறுவனத்துக்கு மாறினாள். நவாஸுக்காகப் பேச நகராட்சி விசாரணைக்குப் போனால், இடிக்கக் கேட்டவர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்பே அவளைப் பேச அழைத்தார்கள். முகப்பு பழையதல்ல என்றாள். அதை நானே ஒப்புக்கொண்டதாக என் பெயரையும் சொன்னாள். பின்பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நவாஸ் என் பக்கம் சாய்ந்து, "மிஸ், இவ நம்மட ஆள்தானே?" என்று கேட்டார். பிறகு நான் எழுந்து பின்பகுதியைப் பற்றிப் பேசியபோது, தோற்றவள் சாக்குச் சொல்வதுபோல் எனக்கே கேட்டது.

அனுமதி கிடைத்துவிட்டது. அழகுக்காக முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அசலான பின்பகுதி முழுவதையும் இடித்தார்கள்.

அதன்பின் ஒருமுறை தேவகி மல்கிரேவில் என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் சொன்னதுல எது பொய்?"

"எதுவும் பொய்யில்ல. மீதியை ஏன் சொல்லல?"

"அவங்க கேட்கல லா."

கதவைச் சாத்தினேன். அதுவே கடைசி.

இறுதிச் சடங்கில் உங்களில் பலர் அவளை நேர்மையானவள் என்றீர்கள். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. பக்கத்தில் நவாஸ் அழுதுகொண்டிருந்தார். "உங்களால எப்படி அழ முடியுது?" என்று கேட்டேன்.

"எனக்கு வேற கட கெடச்சிட்டு மிஸ். உங்களுக்கு வேற கூட்டாளி கெடைக்கல்லயே" என்றார்.

இப்போது எந்த அறிக்கையிலும் கையெழுத்திடுமுன், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். தேவகியிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். அவளை நான் மன்னிக்கவில்லை. அவள் மறுபடி வந்து கதவைத் தட்டுவாள் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை நாளும் கோபமாக இருந்தேன்.