யூலானும் பப்பாளியும் குடிவந்த கதை

தைனான் நகரில் எங்கள் சந்துமுனைத் தூணில் ‘மாடி வாடகைக்கு’ என்று சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் யூலான் முதன்முதலில் எங்கள் தெருவுக்குள் வந்தாள்.

ஐம்பதைத் தாண்டியவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. கணவன் என்றைக்கோ இன்னொருத்தியோடு போய்விட்டான். ஒற்றை மகன் போஹானை அந்தச் சலவைக்கூடத்து ஆவியில் வெந்து வெந்துதான் வளர்த்தாள். வேலைக்குக் கிளம்பிய பிள்ளையை ஒரு மழை நாள் காலையில் சாலை வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

மிச்சமிருந்தது அவன் வளர்த்த பாம்பு.

ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் தடிமன், விஷமில்லாத வகை. பப்பாளி என்று பெயர் வைத்தவன் போஹான்தான். அம்மாவுக்குத் தெரியாமல் துணி அலமாரியில் ஒளித்து வளர்த்தான். ஒருநாள் பிடிபட்டபோது, “இவ்வளவு நாளா உன்கூடத்தானே இருந்துச்சு? உன்னை ஏதாவது பண்ணுச்சா?” என்று சிரித்தானாம். அவன் கையின் சூட்டை அறிந்த உயிர்கள் இப்போது உலகத்தில் இரண்டுதான். ஒன்று பெற்றவள். மற்றது அது.

அவள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வேறு வீடு தேடி எங்கே போனாலும் பாம்பு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் கதவு சாத்தப்பட்டது.

“சொல்லாமலே குடிபோயேன்கா,” என்றாள் அவள் தங்கை. “அது குரைக்குதா, கத்துதா? யாருக்குத் தெரியப்போகுது?”

“தெரியாம ஒருநாள் யார் கண்ணுலயாவது பட்டா, கம்பை எடுத்து அடிச்சே கொன்னுடுவாங்க. அப்புறம் எனக்கு யாருடி இருக்கா?”

வாடகைத் தாள் ஒட்டிய அந்த மாடிக்குச் சொந்தக்காரர் பெயர் கோ. கீழே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். யூலான் அவரிடமும் மறைக்கவில்லை.

“நாய் இல்லைங்க ஐயா, பூனை இல்லை. ஒரு பாம்பு இருக்கு.”

கோவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி பாவ்சூ எட்டிப் பார்த்தாள்.

“சூப் வைக்கிறதுக்கா?”

“வளர்க்கிறேன் அக்கா. என் மகனோடது. அவன் இப்போ இல்லை.”

பாவ்சூ நாற்காலியில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். பாம்பு அங்கே இல்லவே இல்லை. இருந்தாலும் ஏறிக்கொண்டாள்.

கோவுக்கு யாரிடமும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வராது. “நாளைக்குச் சாயங்காலம் தெருக்கோடிக் கோயிலுக்கு வந்துடும்மா. அதையும் எடுத்துட்டு வா. நம்ம நிலத்தெய்வத்தையே கேட்டுடலாம்,” என்றார்.

மறுநாள் நான் ஊதுபத்தி ஏற்றப் போயிருந்தேன். யூலான் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பை மெல்ல அசைந்தது. பாவ்சூ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கோ தன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டு, “என் மாடியில ஒரு பாம்பைக் குடிவைக்கலாமா?” என்று கேட்டு, சாமியிடம் குறி கேட்கும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போட்டார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. அப்படியென்றால் சாமி சிரிக்கிறார், கேள்வி சரியில்லை என்று பொருள்.

மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

“என்னைக் கட்டிக்கலாமான்னு கேட்டப்பவும் இப்படித்தான் சிரிச்சாராம்,” என்றாள் பாவ்சூ என் தோளுக்குப் பின்னாலிருந்து. “அப்பவே இவரு புரிஞ்சிருக்கணும்.”

யூலானுக்குச் சிரிப்பு வரவில்லை. “பரவாயில்லைங்க ஐயா. உங்களுக்குத்தான் வீண் சிரமம்,” என்று பையை இன்னும் இறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

“இரும்மா,” என்றார் கோ. “தப்பு என்னுது. என் பேரைச் சொன்னேனே தவிர, யாருக்காகக் கேக்கிறேன்னு சொல்லவே இல்லை. பேரு, பிறந்த நாளு, விலாசம் சொல்லாம கேட்டா அவருக்கு எப்படித் தெரியும்? அதோட பேரு என்ன?”

“பப்பாளி.”

“பிறந்த நாளு?”

“தெரியாதுங்க. நிலாத் திருநாளுக்கு மறுநாள் என் பையன் வீட்டுக்குக் கொண்டு வந்தான்.”

“விலாசம்?”

யூலான் வாயைத் திறந்தாள். இடிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு சுவரை எப்படி விலாசம் என்று சொல்வாள்?

“விலாசம் இல்லைங்க ஐயா,” என்றாள் கடைசியில். “எங்க ரெண்டு பேருக்குமே இல்லை.”

கோ அவளையே பார்த்தார். பிறகு சாமி பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

“பேரு பப்பாளி. நிலாத் திருநாளுக்கு மறுநாள் வந்த உயிரு. விலாசம், இதே தெரு, கோ சைக்கிள் கடை, மாடி வீடு.”

மரத்துண்டுகளை உயர்த்தினார். சட்டென்று என் சட்டையை விட்டுவிட்டு முன்னால் போன பாவ்சூ, அவர் கையிலிருந்து அவற்றைப் பிடுங்கினாள்.

“எதுக்கு இன்னும் போடுறீங்க? நம்ம மாடியிலதான் குடியிருக்குன்னு சாமிகிட்டயே சொல்லியாச்சு. இனிமே இல்லைன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிடும்.”

“பயப்படுறது நீதானேடி?”

“பயந்தா பயந்துட்டுப் போறேன். மாடிப்படி ஏற மாட்டேன், அவ்வளவுதானே. இந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துட்டு என்னால இல்லைன்னு சொல்ல முடியலை.”

யூலான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகனுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட அவள் கண்ணில் நீர் வரவில்லையென்று பின்னொரு நாள் அவள் தங்கை சொல்லக் கேட்டேன். அவ்வளவும் அன்றைக்குத்தான் வந்தது போலும்.

அழுது ஓய்ந்ததும் பையின் வாயைக் கொஞ்சமாக விலக்கி, உள்ளே குனிந்து சொன்னாள். “கேட்டியா பப்பாளி? கோ சைக்கிள் கடை, மாடி வீடு.”

பாவ்சூ கண்ணைக் கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்குக் காது இருக்கா?”

“வெளிக்காது இல்லைக்கா.”

“அப்போ கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்,” என்றாள்.