ஜெபமணி டீச்சரும் எங்கள் ஆறு மழை பாட்டில்களும்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அடுப்பங்கரையில் நான், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள் கவிதா, கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரேவதி. புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட இலை விரித்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன். கவிதாதான் எடுத்தாள். "அம்மா, ஜெபமணி டீச்சர் போயிட்டாங்களாம்" என்றாள். மூன்று நாள் காய்ச்சல் என்று லீவில் இருந்தவர். விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது பயம். டீச்சரைத் தெரிந்த நம் ஊர்க்காரர்களான உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை. இன்னும் சில நாளில் ஐப்பசி. மேற்கே மழை கொட்டினால் ஆற்றங்கரைத் தெருவுக்கு இனி யார் போய்ச் சொல்வது? இந்த நினைப்போடுதான் தளிகை போட்டேன். பெருமாள் மன்னிக்கட்டும்.

டீச்சர் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுத்தவர். என்னைவிட மூன்று வயது சின்னவர். நான் எட்டாவதோடு நின்றவள். பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் கவிதாவின் பாடப்புத்தகத்தைப் படித்துத்தான். பெற்றோர் கூட்டத்தில் ஒருநாள் எழுந்து கேட்டுவிட்டேன்: "வடகிழக்குக் காத்துன்னா, அது வடகிழக்கா போற காத்தா, டீச்சர்?" சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய், தூரத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெரியும் கம்பெனிப் புகைபோக்கியைக் காட்டினார்.

"அந்தக் கம்பெனியில வேலை செய்யிற ஒடிசா பசங்கள இன்னான்னு சொல்றோம்?"

"ஒடிசாக்காரங்கன்னு."

"கும்மிடிப்பூண்டிக்கு வந்து வருஷக்கணக்கா ஆச்சு, ஆனாலும் ஒடிசாக்காரங்கதான். காத்தும் அப்படித்தான்க்கா. எங்கேந்து வந்துச்சோ அதான் அதுக்குப் பேரு."

ஆடியில் அந்தப் புகை கடல் பக்கம் ஓடும், அது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. ஐப்பசியில் நம் பக்கம் சாயும். கடல் மேல் வந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் வடகிழக்குக் காற்று அது. அன்றிலிருந்து துணி காயப்போடும்போதெல்லாம் அந்தப் புகையைப் பார்க்காமல் இறங்கியதில்லை.

அந்த வருடமே ஆறு வீடுகளில் மழை பாட்டில் வைத்தார். வாய் வெட்டிய பாட்டில், அடியில் கூழாங்கல், மேலே ஒட்டிய ஸ்கேல். காலை எட்டரைக்குப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் சுத்தமான இடத்தில் விழட்டும் என்று என் பாட்டிலைத் துளசி மாடத்தை ஒட்டி வைத்தேன். பதினோரு நாள் இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று பக்தியோடு எழுதினேன். பன்னிரண்டாம் நாள் காலை டீச்சர் சைக்கிளில் வந்து நின்றார்.

"இன்னாக்கா, ஊரெல்லாம் வெயில் கொளுத்துது, உங்க ஊட்டுக்கு மட்டும் மழையா? பெருமாள் ஸ்பெஷலா அனுப்புறாரா?"

நான் வழக்கம்போல் துளசியைச் சுற்றி வந்து செம்புத் தண்ணீரை ஊற்றினேன். தெறித்ததில் பாதி பாட்டிலுக்குள் விழுந்தது. டீச்சர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ரேவதி ஓடி வந்துவிட்டாள். ஆனால் என் நோட்டைக் கிழிக்கவில்லை. பதினோரு வரிக்கும் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் 'துளசித் தண்ணீர்' என்று எழுதி, பாட்டிலை மரமோ சுவரோ பக்கத்தில் இல்லாத மொட்டை மாடிக்கு மாற்றினார். "தப்பா எழுதினதும் ஒரு கணக்குதான்க்கா, அடிச்சு மறைக்காதீங்க" என்றார்.

மேகம் பாடம் நடத்த என் இட்லிக் குண்டானைக் கேட்டு வாங்கிப் போனார். மூடியைத் திறந்து பிள்ளைகளிடம், வெள்ளையாகத் தெரிவது ஆவி இல்லை என்று காட்டினாராம். ஆவி கண்ணுக்குத் தெரியாது. மேலே போய்க் குளிர்ந்து பொடிப்பொடித் துளியானால்தான் தெரியும். மேகமும் அதுவே. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்தால் மழை. "அப்போ வருண பகவான்?" என்று கேட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், சொன்னார்: "அவர் குடுக்கறத நாம அளக்கறோம். அவ்ளோதான்."

எல்லாருக்கும் நினைவிருக்கும் அந்த ஒரு நாள். நம் ஆறு பாட்டிலிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை. வானம் நீலமாக இருந்தது. மேற்கே, நம் ஆறு வரும் வழியில் இருக்கும் ஊத்துக்கோட்டையில் பாட்டில் வைத்திருக்கும் லட்சுமம்மா, டீச்சரோடு தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்த தோழி, தமிழ் வராதவர், காலையில் போன் செய்தார்: அங்கே ராத்திரி முழுக்க மழை, பாட்டில் வழிந்துவிட்டது. டீச்சர் நேராக ஆற்றங்கரைத் தெருவுக்குப் போய், சாமானை மேலே ஏற்றுங்கள் என்றார்.

"பேஜாரு பண்றியே டீச்சரம்மா! வெயில்ல வத்தல் காயப்போட்டுக்கினு இருக்கேன், வெள்ளமாம்!" என்று ஒருத்தி கத்தினாள்.

சாயங்காலம் ஆற்றில் வெள்ளம் வந்தது. இடுப்பளவு. ஆனால் ஆடு மாடு, அரிசி மூட்டை, கைக்குழந்தை எல்லாம் அதற்குள் மேட்டுக்குப் போயிருந்தன. அடுத்த வருடம் அதேபோல் சொன்னார், தண்ணீர் வரவில்லை. நன்றாகத் திட்டு வாங்கினார். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "என்னைத் திட்டறதுக்கு அத்தனை பேரும் உசுரோட இருக்காங்களே, அது போதும்க்கா."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் டீச்சரின் போனை எடுத்து நீட்டினார். "யாரோ ஒரு அம்மா காலையில ரெண்டு தரம் பேசினாங்க. தெலுங்கு. எனக்கு ஒண்ணும் புரியல. அவ போயிட்டான்னு சொன்னேன், அழுதுட்டு வெச்சிட்டாங்க." பார்த்தால் லட்சுமம்மா. மேற்கே மழை பெய்திருக்கிறது, அளவையும் சொல்லியிருப்பார். நம்மில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அன்று ஆற்றில் கணுக்கால் அளவுதான் வந்தது, பெருமாள் புண்ணியம். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு சுழி, ஒரு பூஜ்ஜியம். முன்பெல்லாம் மழை இல்லாத நாளில் நோட்டில் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். "காலியா விட்டா நீங்க பார்க்கலன்னு அர்த்தம். சுழி போட்டா பார்த்தீங்க, இல்லன்னு அர்த்தம். ரெண்டும் வேற வேற" என்பார். அவர் போன நாளிலும் எட்டரைக்கு மாடியேறிப் பார்த்தேன். சுழி போட்டேன். இனியும் போடுவேன்.

ஆற்றங்கரைத் தெருவுக்குப் போய்ச் சொல்வதை நான் ஏற்கிறேன், திட்டையும் சேர்த்து. டீச்சரின் போனை அவருடைய கணவர் நம்மிடம் கொடுத்துவிட்டார். ஆனால் எனக்குத் தெலுங்கு வராது. உங்களில் தெலுங்கு பேசுகிற ஒருவர் காலையில் அந்தப் போனை எடுத்து, லட்சுமம்மா சொல்லும் அளவை எனக்குச் சொல்ல வேண்டும். யார் என்று வருகிற புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள். மழை நமக்காகக் காத்திருக்காது.