அதே குழி

அரசுப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் அறிவை அளந்து மதிப்பெண் போடுவது அவளுடைய அப்பாவின் வேலை. ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘காய்ஞ்ச செடி சார்’. பருவநிலை மாற்றம் பற்றிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாலும், “சரி, போன வருஷம் நட்ட செடி எங்க?” என்பார்.

அவர் மதிப்பிட்டுவந்த ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் ஒரே குழியில்தான் கன்று நடுவார்கள். கோடை விடுமுறையில் அது கருகும். அவரும் தவறாமல் முட்டை போடுவார்.

அவர் இறந்த மறுவாரம், அந்தப் பள்ளியில் அவர் நினைவாகக் கன்று நட மகளை அழைத்திருந்தார்கள். குடிநீர்த் திட்டப் பொறியாளரான அவளுடைய கண், வந்ததும் குழாயைத் தேடியது. பக்கத்தில் எதுவும் இல்லை. குழிக்குள் போன வருடத்துக் குச்சி அப்படியே நின்றது.

“லீவுல யார் சார் தண்ணி ஊத்துவாங்க?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்மா. போட்டோக்காரர் காத்திருக்கார், மண்ணைத் தள்ளு” என்றார் தலைமை ஆசிரியர்.

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். “எங்கப்பா பேரும் இதோட சேர்ந்து கருக வேணாம் சார்.”

“அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தன் மூன்றாம் மாடி வீட்டில் அதை நட ஒரு பிடி மண்கூட இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.