போதிய வருமானம்

அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. நகரத்தின் ஆறு பெரிய ஓட்டல்களில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் சக்கரக் கூடைகளில் வந்து குவியும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இவள் இரண்டு முனையிலும் எதிரே நிற்பவள் மற்ற இரண்டு முனையிலும் பிடித்து, கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே சுருக்கமில்லாமல் செலுத்த வேண்டும். நிமிடத்துக்கு மூன்று விரிப்பு. விரல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் தோல் கழன்றுவிடும். ஒன்பது வருடத்தில் அவளுக்கு இரண்டு முறை கழன்றிருக்கிறது. இரண்டாவது முறை மேற்பார்வையாளர் அவள் கையைப் பார்ப்பதற்கு முன் விரிப்பில் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

கணவர் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். இருவரும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய வேலை அனுமதியில் இருப்பவர்கள். வரி கட்டுகிறார்கள், ஓட்டு கிடையாது. மகள் மட்டும் இங்கேயே பிறந்தவள். சட்டப்படி இந்த நாட்டுக் குடிமகள். அவர்கள் குடியிருப்பின் நான்கு மாடிகளிலும் மகளைப் பாப்பா என்றும் இவளைப் பாப்பா அம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

பாப்பாவுக்குக் காது கேட்காது என்று இரண்டு வயதில் தெரிந்தது. அதுவரை ஊரிலிருந்து போனில் பேசிய அத்தனை உறவுகளும், "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தன. தடுப்பூசி போட வந்த நர்ஸ் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு முறை கை தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. நர்ஸ் உடனே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆறுதலை விட அந்தச் சீட்டு ஆயிரம் மடங்கு பயனுள்ளதாக இருந்தது. அரசின் குழந்தைகள் மருத்துவத் திட்டத்தில் அட்டை வாங்கி, இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினார்கள். பொருத்திய அன்று பிள்ளை சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடியது. தண்ணீருக்குச் சத்தம் உண்டென்று அதற்கு அன்றுதான் தெரிந்தது.

இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவியைக் காதோடு இணைப்பது, காதின் அளவெடுத்து வார்த்த ஒரு ரப்பர் அச்சு. பிள்ளை வளரும்போது காதும் வளரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது அச்சு எடுக்காவிட்டால் பழையது தளர்ந்துபோய், கருவி 'கீ' என்று விசிலடிக்கும். ஆறு வருடம் அட்டையைக் காட்டி, பன்னிரண்டு முறை அச்சு எடுத்தார்கள். பாப்பா பேசினாள், படித்தாள், அப்பாவைக் கேலி செய்து பாட்டுக் கட்டும் அளவுக்கு வாயாடியும் ஆனாள்.

பதினோரு வருடக் காத்திருப்புக்குப் பிறகு நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அவர்களுடைய முறை வந்தது. இருபத்திரண்டு பக்கப் படிவம். அதில் ஒரு கேள்வி: 'விண்ணப்பதாரர் அரசு உதவி எதையேனும் பெற்றிருக்கிறாரா?'

கணவர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார். அங்கே குடியிருந்த மளிகைக் கடைக் காசாளருக்குக் குடியிருப்பு வைத்த பெயர் 'சட்டம்'. எதற்கெடுத்தாலும் "சட்டப்படி பாத்தா" என்று ஆரம்பிப்பார். சட்டப் புத்தகம் எதையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத்தான் முதலில் நிரந்தரக் குடியுரிமை கிடைத்தது. அதனால் அவர் சொல்வது வேதவாக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு மழையில் நனைந்து காய்ச்சல் குணமானால், எல்லோரும் மழையில் போய் நிற்பார்கள் அல்லவா, அதே கதைதான்.

அன்று மாலையே சட்டம் நேரில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போச்சு. எத்தனை வருஷமா வாங்குறீங்க?"

"ஆறு வருஷமா அண்ணா. பாப்பா காதுக்கு" என்றாள் அவள்.

"காதோ மூக்கோ, அவனுக்கு என்ன? சட்டப்படி பாத்தா நீங்க அரசாங்கத்துக்குப் பாரம். பாரத்தை எவனாவது நிரந்தரமா தூக்கி வீட்டுல வச்சுக்குவானா?"

"பாரமாங்க அண்ணா? அவரு தினம் நாப்பது பீரோ தூக்குறாரு. பாரம்னா என்னன்னு அவரைக் கேளுங்க."

கணவர் சிரிக்கவில்லை. "சும்மா இரு நீ. அண்ணே, இப்ப என்ன செய்யலாம்?"

"திட்டத்துலேர்ந்து விலகிடுங்க. நீங்களா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா, பாத்தியா, மானஸ்தன்னு ஃபைல்ல ஏறும். எனக்குத் தெரிஞ்ச நாலு பேரு அப்படித்தான் செஞ்சான்."

"ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாமே?" என்றாள்.

சட்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கச்சி, கேக்குறதே தப்பு. இன்னார் வந்து இன்ன தேதியில இதைக் கேட்டாங்கன்னு அதையும் எழுதி வச்சுக்குவான். திருடன் போலீஸ் ஸ்டேஷன்ல போய், ஐயா இது திருட்டான்னு கேப்பானா?"

"நாம எதைத் திருடினோம்?"

சகுனம் பார்ப்பது, ராசி பார்ப்பது எல்லாம் முட்டாள்தனம் என்று மேடை போட்டுப் பேசக்கூடியவர்கள் அந்தக் குடியிருப்பில் பத்துப் பேர் தேறுவார்கள். அவர்களும் ஃபைலுக்கு முன்னால் நடுங்குவார்கள். கண்ணால் பார்க்காத, படித்தறியாத, ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்று. பழைய பயத்தை விமான நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டு, வெளியே வந்ததும் புதிதாக ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள்.

கடிதத்தைச் சட்டமே எழுதினார். 'எங்கள் குடும்பத்துக்கு இப்போது போதிய வருமானம் இருப்பதால் இந்த உதவி இனித் தேவையில்லை.'

அவள் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை நிறுத்தினாள். "போதிய வருமானமா? எங்க இருக்கு? எனக்குத் தெரியாம பீரோவுக்குள்ள வச்சிருக்கீங்களா?"

"அட, ஒரு மரியாதைக்கு எழுதுறதும்மா. இல்லாதவன்னு எழுதிட்டு விலகுனா யாரு நம்புவா?" என்றார் சட்டம்.

"ஆறு மாசம்தான்" என்று கணவர் குரலைத் தாழ்த்தினார். "பேப்பர் வந்துரும். அதுவரைக்கும் அச்சு நம்மளே எடுத்துக்கலாம். போடு."

போட்டாள்.

கடிதமும் குடியுரிமை விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தன. அடுத்த அச்சுக்கு நாள் வந்தபோது தனியார் காது மருத்துவரிடம் விசாரித்தார்கள். அவர் சொன்ன தொகை இரண்டு மாத வாடகை. பேப்பர் வரட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். ஏழாவது மாதம் கருவி விசிலடிக்க ஆரம்பித்தது. அவள் சலவைக்கூடத்தில், தீக்காயத்துக்குப் போடும் மெல்லிய பிளாஸ்திரியைக் கேட்டு வாங்கி வந்து, அச்சைச் சுற்றி ஒட்டித் தடிமனாக்கினாள். இரண்டு வாரம் ஓடியது. பிறகு காது மடலுக்குள் புண் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் பாப்பாவுக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்தார்கள். பாப்பா கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆசிரியை முகம் பார்த்துப் பேசும் வரை புரியும். பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் முடிந்தது. வீட்டில் அவள் பாட்டுக் கட்டுவதையும் நிறுத்தினாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். தலையாட்டும் பிள்ளையைப் பெரியவர்கள் சமர்த்து என்பார்கள். பதிமூன்று வாரம் அவளை எல்லோரும் சமர்த்து என்றுதான் சொன்னார்கள். பதினான்காவது வாரம், வகுப்பைத் திரும்பப் படிக்க வைக்க நேரிடலாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது.

அதே வாரம் இன்னொரு கடிதமும் வந்தது, மருத்துவத் திட்ட அலுவலகத்திலிருந்து. 'போதிய வருமானம் இருப்பதாகத் தெரிவித்துள்ளீர்கள். எந்தத் தேதி முதல்? மூன்று ஆண்டுச் சம்பளச் சீட்டுகளுடன் நேரில் வரவும். விசாரணை முடியும் வரை உங்கள் குடியுரிமை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும்.'

இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நம் மொழி தெரியும். அவளைப் பெற்றவர்களும் ஒரு காலத்தில் இப்படி வந்தவர்கள்தான். சம்பளச் சீட்டுகளைப் புரட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல வருமானம் கூடவே இல்லையேம்மா. அப்புறம் ஏன் அட்டை வேண்டாம்னு எழுதினீங்க?"

"குடியுரிமைக்குக் கெடுதல்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

கவுண்டர்ப் பெண் அதே இருபத்திரண்டு பக்கப் படிவத்தை எடுத்து, நான்காம் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல் அச்சடித்திருந்த வரியைக் காட்டினாள். குடிமக்களான பிள்ளைகள் பெறும் மருத்துவ உதவி இந்தக் கேள்வியில் சேராது.

"உங்க பேப்பருக்கும் குழந்தை அட்டைக்கும் சம்பந்தமே கிடையாதும்மா."

"நான் அன்னைக்கு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"அதுக்குத்தானே சம்பளம் வாங்கிட்டு இங்க உக்காந்திருக்கேன்."

"அப்ப அந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டா என்ன? கேள்வியை மட்டும் இவ்ளோ பெருசா போட்டிருக்கீங்க?"

கவுண்டர்ப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அக்கா, இதை நான் சொன்னதா வச்சுக்காதீங்க. போன வருஷம் இந்த ஆபீஸ்ல மட்டும் நானூறு பேரு இப்படி விலகியிருக்காங்க. மேல இருக்கறவங்க அதைச் சாதனைன்னு அறிக்கையில போட்டாங்க."

ஏழைப் பிள்ளையின் மருந்தை வெட்டுவதற்குச் சட்டம் கொண்டுவந்தால் நாலு பேராவது எதிர்த்துப் பேசுவார்கள். சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு வரியைச் சின்னதாக அச்சடித்தால் போதும். பயம் மாடிப்படியேறி வீடு வீடாகப் போய் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கஜானா நிறையும், கையில் ரத்தம் இருக்காது.

கவுண்டர்ப் பெண் இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். கடிதத்தில் எழுதியது உண்மை என்றால் முதல் தாள். அதில் கையெழுத்திட்டால், அட்டை திரும்ப வராது. ஆனால் விசாரணை முடிந்து குடியுரிமை விண்ணப்பம் நகரும். எழுதியது உண்மையல்ல என்றால் இரண்டாவது தாள். பாப்பாவுக்கு அன்றைக்கே அட்டை கிடைக்கும். ஆனால் அரசுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாகப் பதிவாகும்.

"பதிவானா என்ன ஆகும்?"

"நிராகரிப்பாங்க. நாலு வருஷம் கழிச்சுத் திரும்பவும் மொதல்லேர்ந்து போடணும்."

அவள் கணவருக்குப் போன் செய்தாள். வேனின் இரைச்சலுக்கு நடுவே அவர் கத்தினார். "மொதல் தாள்ல போடு! பதினோரு வருஷம்டி! காதை அப்புறம் பாத்துக்கலாம்!"

பாப்பா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பியதும், எதையும் கேட்காமலே, சமர்த்தாகத் தலையாட்டினாள்.

அவள் போனை அணைத்துவிட்டு இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரத்தில் புது அச்சு வந்தது. இரண்டு மாதத்தில் நிராகரிப்பும் வந்தது. கணவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பாப்பா அதே வகுப்பில் திரும்பவும் உட்கார்ந்தாள்.

ஆனால் குடியிருப்பில் நடந்ததுதான் வேடிக்கை. முதல் மாடியிலிருந்து நான்காம் மாடி வரை ஒரே பேச்சு: விலகியிருந்தவள் திரும்பப் போய் அட்டை வாங்கினாள், உடனே நிராகரித்துவிட்டான். "சட்டப்படி பாத்தா, நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார் சட்டம். நடந்தது அத்தனையும் உண்மை. அதிலிருந்து அவர்கள் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான் பொய். விலகல் கடிதத்தின் நகலுக்கு இப்போது அவரிடம் வரிசை நின்றது.

இரண்டாவது மாடியில் தையல் வேலை செய்யும் ஒருத்திக்கு மூச்சிரைப்பு உள்ள கைக்குழந்தை இருந்தது. அவளும் விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பாப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை மகளுடன் போய்க் கதவைத் தட்டினாள். படிவத்தின் நான்காம் பக்கத்தை அடிக்கோடு போட்டு எடுத்துப் போயிருந்தாள்.

தையற்காரி கதவைப் பாதி திறந்து நின்றபடியே அவள் சொல்வதைக் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அனுப்பிடாத தங்கச்சி. ஆபீஸ்ல அவங்களே காட்டின வரி இது. படிச்சுப் பாரு."

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்கக்கா. எங்க வீட்டுக்காரரு வந்ததும் கேக்குறேன்."

"அவரைக் கேக்காத. ஆபீஸ்ல போய்க் கேளு. நான் வேணா கூட வர்றேன்."

"அய்யோ, வேண்டாங்கக்கா. உங்க கூடயா?" நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, குழந்தை அழுவுது. உள்ள போறேன்."

தாளை வாங்காமலே கதவைச் சாத்தினாள். உள்ளே குழந்தை அழவில்லை. இருவரும் படியை நோக்கித் திரும்பினார்கள். பாப்பா நின்றுவிட்டாள். புது அச்சு, நன்றாகக் கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது தெளிவாகக் கேட்கிறது.

"அம்மா, அந்த ஆன்ட்டி நம்மளப் பத்திப் பேசுறாங்க."

"வா போலாம்."

"அவங்க பேப்பர் போச்சுன்னு நம்மளதையும் கெடுக்கப் பாக்குறாங்கன்னு சொல்றாங்க." ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "அம்மா, நாம யாரதைக் கெடுத்தோம்?"

அம்மா தாளை மடித்துக் கதவின் அடியில் உள்ளே தள்ளினாள். சற்று நேரத்தில் அது வெளியே தள்ளப்பட்டது. அவள் குனிந்து மறுபடியும் உள்ளே தள்ளினாள்.